காவல் பணியில் சேருமுன் எதை எடைபோடுவது?

தமிழ்நாட்டின் ஏதாவதொரு மாவட்டத் தலைநகரில், விடிவதற்கு முன்பே விளையாட்டு மைதானத்துக்குச் சென்றால், கையில் நேரம் பார்க்கும் ஒருவரைச் சுற்றி இருபது முப்பது இளைஞர்கள் வட்டம் வட்டமாக ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். ஓட்டத்துக்குப் பிறகு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் என்று பயிற்சி தொடரும். உயரம் 170 சென்டிமீட்டருக்கு அரை சென்டிமீட்டர் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையோடு கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும் பையன்களும் அங்கே இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் சிறு நகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். அரசு வேலை, அதிலும் காக்கிச் சட்டை என்பது ஒரு குடும்பத்தின் நிலையையே ஒரே தலைமுறையில் மாற்றிவிடக்கூடியது என்பதை அறிந்துதான் இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

ஆனால் இந்த இளைஞர்கள் தங்களைத் தயார்படுத்திக்கொள்வது தேர்வுக்காகவே தவிர வேலைக்காக அல்ல. தேர்வில் உயரமும் மார்பளவும் ஓட்டமும் பொது அறிவும் அளக்கப்படுகின்றன. வேலையில் சேர்ந்தபின் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவரை ஒவ்வொரு நாளும் சோதிப்பவையோ வேறு: கோபத்தோடு வந்து நிற்பவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பது, கேட்டதைப் பிசகின்றி எழுதுவது, நாள் முழுவதும் ஒரே இடத்தில் காத்து நிற்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, செய்யக் கூடாத ஒன்றைச் செய்யும்படி ஆணை வரும்போது தயங்கி நிற்கத் தெரிவது. காவல் பணி நமக்குப் பொருந்துமா என்று எடைபோடுபவர்கள் இவற்றை வைத்தே தங்களை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு உதவும் செய்திகளைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

எந்த வாயில் வழியாக

காவல்துறை என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அதற்குள் நுழையும் வாயில்கள் நான்கு. எந்த வாயில் வழியாக நுழைகிறோம் என்பதே பெரும்பாலும் ஒருவருடைய பணி வாழ்க்கை முழுவதையும் வகுத்துவிடுகிறது.

முதலாவது, இரண்டாம் நிலைக் காவலர் பணி. 1991இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், காவல்துறை, சிறைத்துறை, தீயணைப்புத் துறை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இத்தேர்வை நடத்துகிறது. 2023ஆம் ஆண்டு அறிவிப்பில் மூன்று துறைகளுக்குமாக 3,359 இடங்கள் இருந்தன. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28 வரையும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 31 வரையும் தளர்வு உண்டு. தமிழ் மொழித் தகுதித் தேர்வில் குறைந்தது 40 விழுக்காடு பெற்றால்தான் முதன்மைத் தாள் திருத்தப்படும். பத்தாம் வகுப்பு போதும் என்றாலும் பட்டம் பெற்றவர்கள், பொறியியல் முடித்தவர்கள் வரை விண்ணப்பிக்கிறார்கள் என்பதால் போட்டியின் கடுமை அந்தத் தகுதியளவில் நின்றுவிடுவதில்லை.

தேர்வாகிப் பயிற்சி முடித்தவர் மறுநாளே காவல் நிலையத்தில் உட்கார்ந்து திருடனைத் தேடப் போவதில்லை என்பதைப் பலர் சேர்ந்த பிறகே அறிகிறார்கள். ஆண்களில் பலர் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் ஏதாவதொரு அணிக்கு அனுப்பப்படுவார்கள். பேச்சு வழக்கில் பட்டாலியன் எனப்படும் இவை ஆவடி, மணிமுத்தாறு, பழனி, உளுந்தூர்பேட்டை போன்ற இடங்களில் உள்ளன. மற்றவர்கள் மாவட்ட ஆயுதப்படைக்கு, அதாவது ஏ.ஆருக்குச் செல்வார்கள். கலவரத் தடுப்பு, கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லுதல், முக்கியப் பிரமுகர் பாதுகாப்பு, கருவூலத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் ஆகியவையே தொடக்க ஆண்டுகளின் வேலை. அங்கிருந்து 'தாலுகா' என்று காவலர்கள் குறிப்பிடும் காவல் நிலையப் பணிக்கு மாறுவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

பதவி உயர்வின் வேகமும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த கணக்கின்படி 10 ஆண்டுகள் முடித்தவர் முதல் நிலைக் காவலராகவும், 15 ஆண்டுகள் முடித்தவர் தலைமைக் காவலராகவும், 25 ஆண்டுகள் முடித்தவர் சிறப்பு உதவி ஆய்வாளராகவும் ஆவார்கள். இந்தக் கால வரம்புகளை அரசு அவ்வப்போது திருத்துவது உண்டு. ஆனாலும் இருபத்திரண்டு வயதில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து வேறு தேர்வு எதையும் எழுதாத ஒருவர், தோளில் நட்சத்திரம் ஏறும்போது நாற்பத்தைந்தை ஒட்டிய வயதில் இருப்பார் என்ற உண்மை பெரிதாக மாறிவிடவில்லை.

இரண்டாவது வாயில், உதவி ஆய்வாளர் நேரடித் தேர்வு. இதற்குப் பட்டப் படிப்பு வேண்டும். வயது 20 முதல் 30 வரை, வழக்கமான தளர்வுகளுடன். 2023 அறிவிப்பில் 621 இடங்கள் இருந்தன. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகத்தில் ஓராண்டுப் பயிற்சி உண்டு. இடங்களில் 20 விழுக்காடு ஏற்கெனவே துறையில் பணியாற்றும் காவலர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. காவலராகச் சேர்ந்துவிட்டு இந்த ஒதுக்கீட்டில் உதவி ஆய்வாளராகிவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். சாத்தியம்தான், அப்படி வந்து திறமையாகப் பணியாற்றுபவர்கள் உண்டு. ஆனால் இரவு ரோந்து முடித்துக் காலையில் பந்தோபஸ்துக்குப் போகிறவருக்குப் படிப்பதற்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அடுப்பெரிய இந்த மாதமே சம்பளம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் காவலர் பணியை ஏற்பதில் தயங்க வேண்டியதில்லை. அந்த நெருக்கடி இல்லாத பட்டதாரி, வயது இருக்கும்வரை உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் முழுமையாகக் கொடுப்பது நல்லது என்றே நான் சொல்வேன்.

மூன்றாவது, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி ஒன்று தேர்வு வழியாகத் துணைக் காவல் கண்காணிப்பாளர் ஆவது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமை வழக்குகளை இந்த நிலைக்குக் குறையாத அதிகாரியே புலன்விசாரணை செய்ய வேண்டும் என்று விதி இருப்பதால், கிராமப்புறத் தமிழ்நாட்டில் இப்பதவியின் பொறுப்பு மிகப் பெரியது. நான்காவது, ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வு எழுதி ஐ.பி.எஸ். ஆவது, அதில் எந்த மாநிலம் கிடைக்கும் என்பது தேர்வு எழுதுபவர் கையில் இல்லை.

நாள் முழுதும் நடக்கும் வேலை

திரையில் காட்டப்படும் காவல் பணியில் துரத்தலும் துப்பாக்கியும் முன்னால் நிற்கும். நிலையத்தில் நடக்கும் பணியில் முன்னால் நிற்பது எழுத்து. புகாரைப் பெற்றதும் மனு ஏற்பு ரசீது, குற்றம் தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தில் பார்வை மகஜரும் (கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) மாதிரி வரைபடமும், பொருள் கைப்பற்றினால் அதற்கொரு மகஜர், சாட்சிகளின் வாக்குமூலங்கள், கைது செய்தால் கைதுக் குறிப்பாணை, நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கை, இறுதியில் குற்றப்பத்திரிகை என்று ஒவ்வொரு படியிலும் தாள் உருவாகிறது. பொது நாட்குறிப்பில் யார் எப்போது எதற்காக வெளியே சென்றார், எப்போது திரும்பினார் என்பது பதிவாக வேண்டும். நிலையத்தில் 'ரைட்டர்' என்று அழைக்கப்படும் எழுத்தருக்கு இருக்கும் மதிப்பு இதிலிருந்து வருவதுதான். சட்டப் பிரிவுகளும் நீதிமன்ற நடைமுறையும் விரல் நுனியில் இருக்கும் ஒரு நல்ல ரைட்டர், அந்த நிலையத்தின் ஆய்வாளர் மாறினாலும் மாறாத நினைவாற்றலாக இருப்பார்.

ஏன் இவ்வளவு எழுத்து? காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆகவே ஒருவர் காவலரிடம் 'நான்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது என்பது சட்டத்தின் கணக்கில் இல்லை. பொருளும் தடயமும் நம்பத்தக்க சாட்சியமும்தான் வழக்கைத் தாங்கும். அவற்றை உரிய நேரத்தில், உரிய முறையில் பதிவு செய்யாமல் விட்டால், உண்மையான குற்றவாளியும் விடுதலையாகிவிடுவார். கைது செய்யப்பட்டவர்மீது குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் அவருக்குப் பிணை பெறும் உரிமை வந்துவிடுகிறது.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்தப் பொறுப்பை மேலும் கூட்டியிருக்கிறது. தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்ற விதி படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. எந்த எல்லையில் நடந்த குற்றமாக இருந்தாலும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இணைய மோசடி வழக்குகளோ வங்கிக் கணக்குகள், கைப்பேசிப் பதிவுகள், வேறு மாநிலத்தில் இருக்கும் குற்றவாளிகள் என்று முற்றிலும் வேறொரு திறனைக் கேட்கின்றன. 1930 என்ற உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கையாளும் சைபர் குற்றப் பிரிவில், முன்பு 'இந்தப் படிப்புக்கும் போலீஸ் வேலைக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கப்பட்ட கணினிப் பட்டதாரிகளுக்கு இன்று உண்மையான வேலை இருக்கிறது.

எழுத்துக்கு அடுத்தது காத்திருப்பு. திருவண்ணாமலை கார்த்திகை தீபம், மதுரைச் சித்திரைத் திருவிழா, பசும்பொன், பரமக்குடி நிகழ்ச்சிகள், தேர்தல் கூட்டங்கள், தலைவர்களின் பயணங்கள் என்று ஆண்டு முழுவதும் பந்தோபஸ்து வந்துகொண்டே இருக்கும். வெளி மாவட்டத்திலிருந்து பேருந்தில் அழைத்து வரப்பட்டு, பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்கி, கொடுத்த இடத்தில் வெயிலில் நின்று, பொட்டலச் சோறு சாப்பிட்டு, எந்தச் சம்பவமும் நடக்காமல் திரும்பி வருவதே அந்த வேலையின் வெற்றி. நிலைய வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாராப் பணியும் அப்படித்தான். எதுவும் நடக்காமல் இருப்பதற்காகத் தன் நாளைக் கொடுப்பதில் நிறைவு காண முடியாதவருக்கு இந்த வேலை மெல்ல மெல்லக் கசந்துவிடும்.

நேரம் யாருடையது

காவல் அதிகாரி எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 22ஆவது பிரிவு கூறுகிறது. சென்னை மாகாணத்துக்கு அதற்கு முன்பே, 1859இல், தனிச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், எழுத்திலும் நடைமுறையிலும் இந்த எண்ணமே இந்தியக் காவல்துறை முழுவதிலும் ஊறியிருக்கிறது. காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி ஆய்வுத் திட்டமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, காவல் பணியாளர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்வதாகவும், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வார ஓய்வே கிடைப்பதில்லை என்றும் கண்டறிந்தது.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு நவம்பரில், இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலானவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு அளிக்கும் அரசாணை வந்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் ஆட்கள் குறைவாக உள்ள நிலையத்தில் ஒருவர் ஓய்வெடுத்தால் அவருடைய பாராவை இன்னொருவர் பார்க்க வேண்டும். பந்தோபஸ்து வந்துவிட்டால் எல்லா ஓய்வும் தள்ளிப்போகும். ஆகவே அரசாணை நிலையத்துக்கு நிலையம் வெவ்வேறு அளவில்தான் உயிரோடு இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாள், தங்கையின் நிச்சயதார்த்தம், பொங்கல், தீபாவளி ஆகிய எதையும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. பண்டிகை என்றாலே ஊருக்கு விடுமுறை, காவலருக்கு வேலை.

இந்தக் குறைகளைத் தொழிற்சங்கம் வைத்துக் கேட்கவும் வழியில்லை. அரசியலமைப்பின் 33ஆவது உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், சங்கம் சேருவதற்கும் பத்திரிகைகளிடம் பேசுவதற்கும் கடும் வரம்புகளை விதிக்கிறது. ஆசிரியரோ போக்குவரத்து ஊழியரோ கொடி பிடித்துக் கேட்கும் கோரிக்கையை, காவலர் மனுவாக எழுதி மேலதிகாரி வழியாக அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1979இலேயே அரசு ஒழித்துவிட்டதாக ஆணையிட்ட ஆர்டர்லி முறை, அதாவது பயிற்சி பெற்ற காவலரை அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் முறை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததும், 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நான்கு மாதங்களுக்குள் முற்றாக ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்ததும், குரல் இல்லாத பணி எப்படி நடத்தப்படும் என்பதற்குச் சான்று.

இந்த அழுத்தம் உடலையும் மனத்தையும் தாக்குகிறது. 2023 ஜூலையில் கோவைச் சரகத்தின் மிக உயர்ந்த அதிகாரி ஒருவரைத் துறை இழந்தபோது, மன உளைச்சல் பதவி பார்த்து வருவதில்லை என்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய நிறைவாழ்வுப் பயிற்சியும், பின்னர் வந்த 'மகிழ்ச்சி' என்ற ஆலோசனைத் திட்டமும் நல்ல தொடக்கங்கள். சேர நினைப்பவர்கள், உதவி கேட்பதைப் பலவீனமாக நினைக்காத பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆணையும் மறுப்பும்

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பணியை எடைபோடுவதில் மிகக் கனமான பகுதி.

1854இல் சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகள் குறித்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855இல் அறிக்கை வந்தது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் மக்கள் வதைக்கப்பட்டதை அது பதிவு செய்தது. விரல்களை இடுக்கி நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கட்டி நிறுத்திவைக்கும் 'அண்ணாந்தாள்' ஆகிய தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் இடம்பெற்றன. வருவாய்த் துறைப் பணியாளர்களிடமே காவல் அதிகாரமும் இருந்ததுதான் இதற்குக் காரணம் என்று கருதி, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனிக் காவல்துறை உருவாக்கப்பட்டது. அதாவது, நம் காவல்துறை பிறந்ததற்கான காரணங்களுள் ஒன்று, சித்திரவதையை நிறுத்த வேண்டும் என்பது. இந்தச் செய்தி எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும் முதல் நாளே சொல்லப்பட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறித் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் காவல் நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. 1859இல் வருவாய்த் துறையிடமிருந்து பிரிக்கப்பட்ட காவல், 161 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிலையத்தின் அளவிலாவது அதன் கையில் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. நிலையத்துக்கு விசாரிக்கச் சென்ற நடுவரிடம், அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தான் கண்டதைச் சொன்னார். தன்னோடு பணியாற்றுபவர்கள் சுற்றி நிற்கும் இடத்தில் அதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சிபிஐ விசாரித்துக் காவல் பணியாளர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பகுதியில் கோயில் காவலாளி அஜித்குமார் காவல் விசாரணையின்போது உயிரிழந்த வழக்கில், முதலில் கைதான ஐவரும் தனிப்படையில் இருந்த கீழ்நிலைக் காவலர்கள். காவல் பணியை விரும்பும் இளைஞர்கள் இந்தச் செய்தியை அந்த ஐவரின் இடத்தில் தங்களை வைத்துப் படிக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு அழுத்தம் வருகிறது. 'சீக்கிரம் கண்டுபிடி' என்ற சொல் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் நிற்பவரின் கைக்கு வந்து சேர்கிறது. விசாரணை என்று வரும்போது முதலில் கணக்குக் கேட்கப்படுவதும் அந்தக் கைதான். போலி மோதல் வழக்கொன்றில் 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மேலதிகாரியின் ஆணையை நிறைவேற்றினேன் என்பது காப்பாகாது என்று மிகத் தெளிவாகச் சொன்னது. கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிமுறைகளை டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே அந்நீதிமன்றம் வகுத்துவிட்டது: கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை முதலியன. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை.

இவற்றை அறிந்த காவலரும் சிக்கலில்தான் இருக்கிறார் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆணையை மீறினால் இடமாற்றம் வரலாம், குற்றக் குறிப்பாணை வரலாம், 'ஒத்துழைக்காதவர்' என்ற பெயர் நிலைக்கலாம். 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகளில் உள்ள '3 பி' என்ற சொல், அதாவது பெரிய தண்டனை வரை கொண்டுபோகக்கூடிய குற்றக் குறிப்பாணை, எந்தக் காவலரையும் கலங்க வைக்கும். அந்தக் குறிப்பாணையின் மேல் விசாரணை முடியும்வரை பதவி உயர்வு நிற்கும். அரசியல் தலையீட்டிலிருந்து காவல்துறையைக் காக்கும் நோக்கில் 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த கட்டளைகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் வந்தது என்றாலும், கீழ்ப்படியில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் எட்டவில்லை என்பதே என் மதிப்பீடு. ஆகவே சட்டத்துக்குப் புறம்பான ஆணை வந்தால் மறுப்பேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது, வேலையில் சேர்ந்த பிறகு நள்ளிரவில் ஒரு அறைக்குள் நிற்கும்போது செய்ய வேண்டிய காரியமல்ல. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதே அதைக் கேட்டு, வீட்டாரிடமும் பேசிவிட வேண்டும். வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஒரு தாயோ மனைவியோ கணவரோ இருப்பது, அந்த இரவில் எந்தச் சட்டப் புத்தகத்தையும்விடப் பெரிய துணை.

பெண்கள் சேருவது பற்றி

தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் 1973 முதல் பணியாற்றுகிறார்கள். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. 2010இல் லத்திகா சரண் மாநிலக் காவல்துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்பின் வழியாகத் தேர்வெழுதி, 2017இல் உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினி, திருநங்கைகளுக்கும் இந்த வாயிலைத் திறந்துவிட்டார். குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் ஒரு பெண் காவலரிடம்தான். அந்த ஒரு மணி நேரப் பேச்சைப் பொறுத்தே வழக்கு நிற்பதும் விழுவதும் உண்டு.

அன்றாட வசதிகளில் முன்னேற்றம் மெதுவாகவே வந்திருக்கிறது. முதலமைச்சர் செல்லும் பாதைகளில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்தக் கூடாது என்று 2021 ஜூனில்தான் ஆணை பிறந்தது. மணிக்கணக்கில் கழிப்பறை இல்லாமல் வெயிலில் நின்ற பெண்களின் துன்பம் அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மகப்பேறு விடுப்பு 2021இல் ஓராண்டாக உயர்ந்தது. அந்த விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்கள், பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றலாம் என்று 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விடுவதா என்று தவிப்பவர்களுக்கு இது உண்மையான உதவி.

சம்பளமும் வீடும்

இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படை ஊதியம் 18,200 ரூபாயிலும், உதவி ஆய்வாளரின் ஊதியம் 36,900 ரூபாயிலும் தொடங்குகிறது. அகவிலைப்படியும் பிற படிகளும் தனி. ஓய்வு பெறும் வயது 60. 1981இல் தொடங்கப்பட்ட காவலர் வீட்டுவசதிக் கழகம் கட்டிய குடியிருப்புகள் பல ஊர்களில் உள்ளன. கிடைத்தால் வாடகைச் சுமை குறையும். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தின் கீழ் கொண்டுவரப்பட்டதால், பழைய தலைமுறைக் காவலர்கள் சொல்லும் ஓய்வூதியக் கணக்கை அப்படியே நம்பாமல், தற்போதைய விதியைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. சாலையில் ஒரு சோதனைச் சாவடியில் சில நூறு ரூபாய் 'எல்லாரும் வாங்குவதுதான்' என்று கைக்கு வரும் நாள் எல்லாருக்கும் வரும். சம்பளம் போதுமா என்ற கேள்வியை வீட்டுக் கடன்களோடு சேர்த்து முன்கூட்டியே எழுதிக் கணக்குப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். கடன் நெருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கு அந்த நாள் மற்றவர்களைவிடக் கடினமானது.

முடிவெடுக்குமுன் செய்து பார்க்கக்கூடிய காரியங்கள் இரண்டு உண்டு. தெருவில் கண்ட ஒரு சண்டையையோ விபத்தையோ, யார், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் என்று, தன் கருத்து ஒரு சொல்கூடக் கலக்காமல், இரண்டு பக்கத்துக்கு எழுதிப் பார்த்து, அதே சம்பவத்தைக் கண்ட இன்னொருவரிடம் படித்துக் காட்டலாம். இன்னொன்று, அருகிலுள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு ஒரு முற்பகல் சென்று உட்காருவது. விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடப்பதால் யாரும் பார்க்கலாம். அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறும் தலைமைக் காவலரிடம், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் மகஜர் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, அந்த நேரத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எந்த ஊர்க்காரர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பதில் சொல்லும் விதத்தைக் கவனித்துவிட்டு, அந்த இடத்தில் நிற்க நமக்கு விருப்பம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.